அப்பா, அம்மா இரண்டு பேரும் இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காக வளருமா?

தூங்காமூஞ்சி (இழையைத் தொடங்கியவர்):

நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு எழுத நேரம்.

கணவரும் நானும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. இருவரும் என்னுடன்தான் இருக்கிறார்கள். போன வாரம் பெரியவன் பள்ளியில் ஒரு பையனை அடித்துவிட்டான். கூப்பிட்டார்கள், போனேன். டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் அவன் அப்பா இல்லைதானே?" என்ன நடந்தது, யார் முதலில் கை ஓங்கியது, எதற்காக, ஒன்றும் கேட்கவில்லை. நேராக அங்கேதான் போனார். இவனைத் திருப்பி அடித்த அந்தப் பையனுக்கு அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள். அவனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் "பையன்கள்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஒரே குடைச்சல். அவன் பல் தேய்க்க அடம் பிடித்தால்கூட இது அதனாலா என்று தோன்றுகிறது. கணக்கில் மார்க் குறைந்தால் அதனாலா, பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதனாலா. பிரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா?

"நீங்கள் ஒரு வீராங்கனை", "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" வகைப் பதில் தயவுசெய்து வேண்டாம். அதைச் சொல்ல எனக்குத் தங்கைகள் இருக்கிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம், எவ்வளவு, எதனால் வருகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:

கசப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன். சராசரியை எடுத்தால் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் சாரா மெக்லனஹன், கேரி சாண்டிஃபர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் பல பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 1994இல் சொன்னது இது: பெற்றோரில் ஒருவருடன் மட்டும் வளரும் பிள்ளை பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு, இருவருடனும் வளரும் பிள்ளையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது, அது யார் வாயிலும் வராது. அந்த இடைவெளியில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணம் வருமானம் குறைந்தது. ஆள் குறைந்ததால் வந்தது என்று நாம் நினைப்பதில் பாதி, பணம் குறைந்ததால் வந்தது.

இன்னொரு எண். மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய முப்பது வருடம் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தவர். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் 100க்கு 25 பேர் அளவில் கடுமையான மன, நடத்தைச் சிக்கல்கள் இருந்தன என்றார். பிரியாத வீடுகளில் அது 100க்கு 10. "இரண்டரை மடங்கு ஆபத்து" என்றும் இதற்குத் தலைப்புப் போடலாம், "100க்கு 75 பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்றும் போடலாம். எண் ஒன்றுதான், பத்திரிகைக்காரர் மனநிலைதான் வேறு.

1991இல் பால் அமேட்டோவும் புரூஸ் கீத்தும் 92 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்பு, நடத்தை, மனநிலை எல்லாவற்றிலும் பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் சராசரியில் சற்றுக் கீழே. ஆனால் அந்தச் "சற்று" சின்னது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மணல் குவியல் கொட்டினால் நடுவில் கலந்து கிடக்கும் பாருங்கள், அப்படி. இங்கே பெரும்பகுதியும் கலந்துதான் கிடக்கிறது. ஒரு பிடி மணலை எடுத்து எந்தக் குவியலைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் டீச்சர் ஒரு பிடியைப் பார்த்தே குவியலைச் சொல்லப் பார்த்தார்.

சன்னலோரம்:

நான் இரண்டு பெற்றோர் வீட்டில் வளர்ந்தவள். கணக்கெடுப்புக்கு யாராவது வந்திருந்தால் எங்களை நல்ல பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியைத் திருகும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே திருகலில் திறந்தால் நல்ல நாள். சாவி இரண்டு மூன்று முறை தட்டினால் நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு உள் அறைக்குப் போய்ப் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பிப்பேன், அவனுக்குக் கேட்கக் கூடாது என்று. அடிதடியெல்லாம் கிடையாது. வார்த்தைகள்தான். அப்புறம் மூன்று நாள், நான்கு நாள் யாரும் யாருடனும் பேசாத வீடு. "அம்மாவிடம் சொல், நாளைக்கு நான் வர லேட்டாகும்." "அப்பாவிடம் சொல், எனக்குத் தெரியும் என்று." ஒரே அறையில் இரண்டு பேரும் இருப்பார்கள், நடுவில் நான் தபால்காரி.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது பிரிந்தார்கள். அன்றைக்கு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன்." நாங்கள் கேட்கவே இல்லையே அம்மா! அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் "பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு எரிகிறது.

இன்றும் யாராவது கதவைத் திறந்தால் முதலில் பூட்டின் சத்தத்தைத்தான் கவனிக்கிறேன். என் வீட்டில், என் சொந்தச் சாவியில்.

பழையபேனா:

சன்னலோரம், படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த இழை "பிரிவதே நல்லது" என்று சாய்ந்துவிடுமோ என்று பயமாக இருப்பதால் நான் எதிர்ப் பக்கம் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள்.

மேலே சொன்ன அதே அமேட்டோ, ஆலன் பூத் என்பவருடன் சேர்ந்து வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பிரிவதற்கு முன்னால் அந்த வீடு எப்படி இருந்தது? ஓயாத சண்டை நடந்த வீடு உடைந்தபோது பிள்ளைகள் பிற்காலத்தில் முன்பைவிடத் தேறினார்கள். சன்னலோரத்தின் வீடு அந்த வகை. ஆனால் வெளியே பெரிதாகச் சண்டை தெரியாத வீடு திடீரென்று உடைந்தபோது பிள்ளைகளுக்கு அடி பலமாக விழுந்தது. யோசித்தால் புரியும். முதல் பிள்ளைக்குப் பிரிவு என்பது இடி ஓய்ந்த மாதிரி. இரண்டாவது பிள்ளைக்கு நேற்றுவரை எல்லாம் சரியாக இருந்தது. இனி எதை நம்புவது? பிரிகிற தம்பதிகள் எல்லோரும் போர்க்களத்திலிருந்து தப்பி வருகிறவர்கள் இல்லை, சலிப்பில் பிரிகிறவர்களும் உண்டு.

இரண்டு பேர் இருப்பதில் புள்ளிவிவரத்தில் வராத ஒரு லாபமும் இருக்கிறது. எனக்குக் கோபம் அதிகம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கை நீளப் போன சமயங்களில் மனைவி ஒன்றும் பேசாமல் நடுவில் வந்து நின்றுகொண்டு "நீங்க போய் ஒரு நடை நடந்துட்டு வாங்க" என்பார். நான் போய்விட்டு வருவேன். அவர் பொறுமை இழக்கும் நாளில் நான் அதைச் செய்வேன். தனியாக வளர்ப்பவரை யார் நடக்க அனுப்புவது? குரல் உயர்ந்தால் அந்த வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை, பிள்ளையைத் தவிர. அவர்கள் மோசமான பெற்றோர் என்று சொல்லவில்லை. ஓய்வே இல்லாத வேலை என்று சொல்கிறேன்.

மிளகுச்செடி:

எங்கள் வீட்டில் இரண்டு பெற்றோர். ஆனால் ஒருவர் கைபேசியிலிருந்து தலை தூக்குவதே இல்லை. கணக்கில் இரண்டு, நடைமுறையில் ஒன்றேகால். இதற்கு யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா?

இராப்பணி:

ஒன்றேகால்! சிரித்துவிட்டேன்.

நான் வேறு மாதிரி ஒற்றைப் பெற்றோர். மனைவி இறந்து ஐந்து வருடம், மகளுக்கு இப்போது பன்னிரண்டு. நானும் தூங்காமூஞ்சியும் செய்வது ஒரே வேலைதான், ஆனால் ஊர் எங்களைப் பார்ப்பது ஒரே மாதிரி இல்லை. என் மகள் வகுப்பில் அழுதால் "பாவம், அம்மா இல்லாத பிள்ளை" என்று தூக்கிக்கொள்கிறார்கள். அவர் மகன் அடித்தால் "அதான் தெரியுமே" என்கிறார்கள். நான் மகளுக்குத் தலை பின்னிவிட்டால் சாதனையாளர். ஒரு பெண் அதையே தினமும் செய்தால் அதை யாரும் கவனிப்பதில்லை. உலகத்தில் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களில் 84 சதவீதத்தை அம்மாக்கள்தான் நடத்துகிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. பாராட்டு மட்டும் மீதி 16க்கு வந்துவிடுகிறது.

ஆய்வுகளிலும் பெற்றோரில் ஒருவர் இறந்துபோன பிள்ளைகள், பிரிந்த வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியில் நன்றாக இருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் வீட்டில் ஒரே ஆள்தான். அப்படியானால் தலைக்கணக்கு மட்டும் காரணம் இல்லை. என் வீட்டில் வழக்கு இல்லை, பழி இல்லை, போனவரைத் திட்ட ஆள் இல்லை, பெரும்பாலும் வீடு மாறவும் தேவைப்படுவதில்லை.

ஆனால் நான் வேறொரு தப்பு செய்தேன். மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஆறிவிட்டது என்று நினைத்தேன். போன வருடம் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்: "அப்பா அழுவார், அதனால அம்மா போட்டோவை அவர் இல்லாதப்பதான் பார்ப்பேன்." ஏழு வயதிலிருந்து அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கே தெரியாமல். பொறுப்பான பெண் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை:

> தலைக்கணக்கு மட்டும் காரணம் இல்லை

அதேதான். பிரிந்த வீடுகள் பிரிவதற்கு முன்னாலேயே வேறு மாதிரி வீடுகளாக இருந்திருக்கலாம். பணக் கஷ்டம், குடி, மன அழுத்தம் ஏதோ ஒன்று. பிள்ளையைப் பாதித்தது அதுவா, பிரிவா? ஸ்வீடனில் பியோர்க்லுண்ட், சுண்ட்ஸ்ட்ராம் என்ற ஆய்வாளர்கள் 2006இல் இதைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று செய்தார்கள். ஒரே வீட்டு உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டார்கள். பிரியும்போது அண்ணனுக்குப் பதினெட்டு என்றால் அவன் ஏறக்குறைய இரண்டு பெற்றோர் வீட்டில் வளர்ந்தவன். தம்பிக்கு ஐந்து என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பெற்றோர் வீட்டில் வளர்ந்தவன். அப்பா, அம்மா, குடும்பத்தின் பழைய கஷ்டம் எல்லாம் இருவருக்கும் பொது. இப்படி ஒப்பிட்டதும் படிப்பில் தெரிந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. ஸ்வீடனில் அரசாங்கம் கொடுக்கும் ஆதரவு அதிகம், எல்லா நாட்டுக்கும் இதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன், பழையபேனா கோபித்துக்கொள்ளக் கூடாது. ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரின் குழுவினர் 2014இல் அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் எந்தப் பகுதிகளில் மேலே வருகிறார்கள் என்று பார்த்தபோது, ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் அதிகமுள்ள பகுதிகளில் அந்த வாய்ப்புக் குறைவாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பகுதிகளில் அப்பா, அம்மா இருவருடனும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் குறைவு. ஆக இது ஒரு வீட்டுக் கதவுக்குள் முடிகிற விஷயம் இல்லை. தெரு, பள்ளி, வேலை எல்லாம் கூடவே வருகின்றன.

மூன்றாம்பெஞ்சு:

பதினாறு வருடமாக ஆசிரியை. முதலில் என் தொழில்காரர் சார்பில் தூங்காமூஞ்சியிடம் மன்னிப்பு. அந்தக் கேள்வி கேட்கவே கூடாதது இல்லை, ஆனால் அது ஐந்தாவது கேள்வியாக வர வேண்டியது. முதல் கேள்வி "என்னடா நடந்தது?"

வகுப்பில் நின்று பார்த்தால் யார் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தெரிவது வேறு. வருடத்துக்கு இரண்டு முறை பள்ளி மாறி வரும் பிள்ளை தெரியும். போன வருடம் "அங்கிள்" என்று ஒருவரைச் சொல்லி, இந்த வருடம் வேறொருவரைச் சொல்லி, அவரும் போன பிறகு யாரைப் பற்றியும் பேசாமல் ஆகிவிடும் பிள்ளை தெரியும். இதைப் பற்றிப் பாலா ஃபோம்பி, ஆண்ட்ரூ செர்லின் என்பவர்கள் 2007இல் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆட்கள் எத்தனை முறை வந்து போகிறார்கள் என்ற எண்ணிக்கை பிள்ளையின் நடத்தையோடு தொடர்புடையதாக இருக்கிறது. நிலையாக ஒரே ஒருவருடன் வளர்கிற பிள்ளை எனக்கு அவ்வளவு கவலை தருவதில்லை.

இன்னொரு வகையும் தெரியும், ஒற்றர் பிள்ளை. சனி, ஞாயிறு அப்பாவிடம் போய்த் திங்கட்கிழமை வரும்போது தூங்கி வழியும். "அங்க யார் வந்தாங்க, என்ன வாங்கிக் கொடுத்தாங்க, என்னைப் பத்தி என்ன சொன்னாங்க" என்று இரவு முழுக்க விசாரணை நடந்திருக்கும். ஒரு பையன் என்னிடம் கேட்டான், "மிஸ், நேத்து ஜாலியா இருந்துச்சுன்னு சொன்னா தப்பா?" எட்டு வயது அவனுக்கு.

நேர்கோடு:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஆண் பிள்ளைக்கு அப்பா இல்லை என்றால் பயம் போய்விடும், பயம் போனால் கை நீளும். அம்மா எவ்வளவுதான் செய்தாலும் ஆண் துணை இல்லாத வீட்டில் பையன் தறிகெட்டுத்தான் போவான். ஆய்வு கீய்வு எதற்கு, கண்ணால் பார்க்கிறோமே.

பழையபேனா:

நேர்கோடு தம்பி, என் பக்கம் பேச வந்தீர்கள் என்று நினைத்தேன், ஆனால் இது என் பக்கம் இல்லை. என் அப்பாவைப் பார்த்து எனக்கு நல்ல பயம் இருந்தது. அந்தப் பயம் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, மாட்டிக்கொள்ளாமல் செய்வது எப்படி என்று. மேலே என் கோபத்தைப் பற்றி எழுதினேனே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:

மைக்கேல் லாம்ப் அப்பாக்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். பிள்ளைக்கு முக்கியம் அப்பாவின் ஆண்மைத்தனம் இல்லை, அவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அரவணைப்பு, கவனிப்பு, ஒரே மாதிரியான ஒழுங்கு, இவற்றை யார் கொடுத்தாலும் வேலை செய்கிறது. கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்போக், துணை இல்லாமல் தானே முடிவெடுத்துப் பிள்ளை பெற்ற தாய்மார்களின் குடும்பங்களைப் பார்த்தார். அங்கே பிள்ளைகள் இரண்டு பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். அந்தத் தாய்மார்களில் பலர் ஓரளவு வசதி உள்ளவர்கள், பிரிவின் சண்டையைப் பார்க்காதவர்கள். அதனால்தான் அந்த ஒப்பீடு பயனுள்ளது. பணமும் சண்டையும் கழிந்தால் மிச்சம் என்ன என்று பார்க்க முடிகிறது.

நல்ல அப்பா ஒருவர் கூட இருந்தால் லாபம்தான். அதை யார் மறுத்தார்கள்? அப்பா என்று பெயர் உள்ள ஆள் இருந்தால் போதும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

தூங்காமூஞ்சி:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்.

அவன் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தோளைக் குலுக்குவது. பெரியவனுக்கும் அது அப்படியே வந்திருக்கிறது. நான் அலுத்துப்போய் வரும் நாட்களில் அவன் தோளைக் குலுக்கினால் என் வாயில் தானாக வரும், "அப்படியே உங்கப்பன்!" எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மூன்றாம்பெஞ்சு சொன்ன அந்த எட்டு வயதுப் பையனைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நானாகவே கேட்டேன், அப்பா மாதிரி என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று. கொஞ்ச நேரம் பதிலே இல்லை. இருட்டில் தோளைக் குலுக்கினானோ என்னவோ. அப்புறம் கேட்டான், "அப்பா மாதிரி இருந்தா என்னையும் அனுப்பிடுவியா?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் இன்னொன்று. அந்த அடிதடிக்கு என்ன காரணம் என்று கடைசியில் கேட்டேன். இத்தனை நாள் நானும் கேட்கவில்லை, டீச்சரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான்: பந்து கோட்டைத் தாண்டியதா, தாண்டவில்லையா.

மிளகுச்செடி:

பந்து கோட்டைத் தாண்டியதா என்று பெரியவர்களே மைதானத்தில் சட்டையைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அப்பா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த இன்னொரு கேள்வி, "என்னையும் அனுப்பிடுவியா" என்பது, அதற்கு என்னால் ஜோக் அடிக்க முடியவில்லை.

இரண்டுபிரஷ்:

இந்த இழையில் அப்பாக்கள், அம்மாக்கள்தான் பேசுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளை. வயது இருபத்திரண்டு. பத்து வயதிலிருந்து ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு. பிள்ளைக்கு இரண்டு பேருடனும் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது என்று 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9வது பிரிவு சொல்கிறது, பிள்ளையின் நலனுக்கு எதிராக இல்லாத வரை. உரிமை நல்லதுதான். ஆனால் கணக்குப் புத்தகம் எப்போதும் அடுத்த வீட்டில்தான் இருக்கும், அதை எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை.

உண்மையில் எனக்கு இரண்டு வீடு பிரச்சினையாக இல்லை. இரண்டு சட்டம்தான் பிரச்சினை. அங்கே பதினொரு மணிவரை விழித்திருக்கலாம், இங்கே ஒன்பதுக்குத் தூங்க வேண்டும். அங்கே மார்க் பற்றிக் கேட்க மாட்டார்கள், இங்கே அதை மட்டும்தான் கேட்பார்கள். நான் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். "அப்பா விடுவார்" என்ற இரண்டு வார்த்தையில் அம்மாவை எத்தனை தடவை மடக்கியிருக்கிறேன். பதினான்கு வயதில் ஒருநாள் இருவரும் எனக்குத் தெரியாமல் போனில் பேசி, கைபேசியை ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு வீட்டிலும் வாங்கி வைப்பது என்று முடிவு செய்தார்கள். பயங்கரக் கோபம் எனக்கு. ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தது என்ன தெரியுமா? இவர்கள் இன்னும் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்!

தூங்காமூஞ்சி அக்கா, உங்கள் முன்னாள் கணவர் போன் எடுப்பவராக இருந்தால் பேசுங்கள். பிள்ளையைப் பற்றி மட்டும், வேறு எதுவும் வேண்டாம்.

சன்னலோரம்:

> இவர்கள் இன்னும் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்

ஒரே கூரைக்குக் கீழே இருந்த என் அப்பாவும் அம்மாவும் அதைச் செய்யவில்லை. பொறாமையாக இருக்கிறது உங்கள்மேல்.

பழையபேனா:

சேர்ந்து இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவர்களும் இதைப் படிப்பார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 2013இல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரையுள்ள குழந்தைகளைத் தூங்கவிட்டு, கோபக் குரலை ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளை, தூக்கத்திலேயே, அந்தக் குரலுக்கு அதிகமாக எதிர்வினை காட்டியது. "குழந்தை தூங்குது, இப்ப பேசலாம்" என்று நாங்கள் எத்தனை ராத்திரி ஆரம்பித்திருக்கிறோம்!

ஆனால் மார்க் கம்மிங்ஸ் என்பவரின் ஆய்வுகள் கொஞ்சம் மூச்சு விடவைத்தன. சண்டை போடுவதைவிட, அது முடிந்ததா என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கதவை மூடிக்கொண்டு உள்ளே சமாதானமாகி வெளியே வந்தால்கூட அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நானும் மனைவியும் பிள்ளைகள் முன்னாலேயே "சரி, நான் சொன்னது தப்பு" என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் நான்தான் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

பணத்தைப் பற்றி எல்லோரும் கண்டும் காணாமல் போகிறீர்களே. ஒரு சம்பளத்தில் ஒரு வீடு, இன்னொரு சம்பளத்தில் இன்னொரு வீடு. இரண்டு வாடகை, இரண்டு மின்கட்டணம். பிரிந்தால் இரண்டு பக்கமும் இறங்கும், பிள்ளை இருக்கும் பக்கம் இன்னும் இறங்கும். ரென்ஸ் நியூவென்ஹூயிஸ் என்ற ஆய்வாளர் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை மும்முடிச்சு என்ற மாதிரிச் சொல்கிறார். கையில் வளம் போதாது, கிடைக்கும் வேலை போதாது, அரசின் திட்டங்களும் போதாது, மூன்றும் ஒன்றையொன்று இறுக்கும். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததால் நல்ல நேரத்து வேலை கிடைக்காது, அது கிடைக்காததால் பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்க முடியாது. இதில் மாட்டிக்கொண்ட அம்மாவிடம் போய் "பிள்ளையோடு தரமான நேரம் செலவழியுங்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரிந்துபோன ஆள் மாதாமாதம் தேதி தவறாமல் பணம் அனுப்பினால் அதுவும் பிள்ளை வளர்ப்புத்தான்.

இராப்பணி:

பணம் ஒன்று. மூச்சுவிட ஆள் இன்னொன்று. என் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவாள், மாலைதான் திரும்புவாள். முதல் ஆறு மாதம் அந்த நேரம் முழுக்க நான் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தூங்கக் கற்றுக்கொண்டேன். தூங்கி எழுந்த அப்பா வேறு அப்பா, மகளே சொல்லியிருக்கிறாள்.

மகள் போட்டோ விஷயத்தை என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறைத்தது. ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்து வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டில் குழப்பம் என்று பல கஷ்டம் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மனித இனம் ஒரு தாய், ஒரு தகப்பனால் மட்டும் வளர்க்கப்பட்டு வந்ததே இல்லை, சுற்றியிருந்த பல கைகள் சேர்ந்துதான் வளர்த்தன என்று சாரா ஹிர்டி என்ற மானிடவியலாளர் வாதிடுகிறார். அப்படிப் பார்த்தால் இந்த இழையின் தலைப்பே தப்பு. ஒன்றா, இரண்டா என்று கேட்கிறது. எங்கள் வீட்டில் ஒன்றும் ஒரு அக்காவும்.

மிளகுச்செடி:

அப்போ என் வீட்டு ஒன்றேகாலுக்கு ஒரு அக்காவைச் சேர்த்தால் இரண்டேகால். தேறிவிடும்.

தூங்காமூஞ்சி:

"உன்னை அனுப்ப மாட்டேன், அப்பாவையும் நான் அனுப்பவில்லை, நாங்கள் இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு" என்று மறுநாள் காலையில் பெரியவனிடம் சொன்னேன். பாதி உண்மை. மீதியைச் சொல்லும் வயது இன்னும் அவனுக்கு வரவில்லை. தோளைக் குலுக்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் அப்பாவுக்கு நேற்று போன் செய்தேன். பன்னிரண்டு நிமிடம், பிள்ளைகளைப் பற்றி மட்டும். ஆறாவது நிமிடத்தில் தடம் மாறப் பார்த்தது, இருவரும் சுதாரித்துக்கொண்டோம். தூங்கும் நேரத்தை இரண்டு இடத்திலும் ஒன்றாக வைப்பது என்று மட்டும் முடிவானது. இன்னும் அவர்மேல் கோபம் இருக்கிறது, நிறைய.

நாளைக் காலை பள்ளிக்குப் போகிறேன். அந்தப் பையனின் அப்பா, அம்மா இருவரும் வருகிறார்களாம். இவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மைதானத்தைப் படம் வரைந்திருக்கிறான், கோடு, பந்து, யார் எங்கே நின்றார்கள் என்று எல்லாம் அம்புக்குறி போட்டு. படத்தில் பந்து கோட்டைத் தாண்டித்தான் கிடக்கிறது. ஆனால் இவன் அடிக்க வேண்டிய பந்தா, தடுக்க வேண்டிய பந்தா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. காலையில் போகிற வழியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.